சாவி தேயவில்லை

பூட்டுக்காரர் அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தபோது மணி நான்கரை இருக்கும். வெயில் இன்னும் சுவரை விட்டு இறங்கவில்லை. பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் சிரித்துவிட்டுப் போகக்கூடிய நேரம் அது.

தோளில் கருவிப் பை, முழங்காலில் பழைய வலி. முப்பத்தாறு வருடமாக அதே தெருவில் சாவி வெட்டிக்கொண்டிருக்கிறவர். அவருக்கு ஒரு பெயர் உண்டு என்பதையே தெரு மறந்துவிட்டது. ஆனால் அவர் தெருவை மறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் எந்த வாசல் யாருடையது என்று சொல்லிவிடுவார். கண்ணைத் திறந்தால்தான் குழப்பம். சலவைக்கடை இருந்த இடத்தில் இப்போது ஒரு காப்பிக்கடை. அதற்கு 'பழைய சலவைக்கடை' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். போன மாதம் ஒரு கிழவர் பழக்க தோஷத்தில் அழுக்கு மூட்டையோடு அதற்குள் போய் நின்றாராம். உள்ளே இருந்தவர்கள் அவரைப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

கீழ்த்தளத்தில், தன் வீட்டு வாசலில், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் டிரைவர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பன்னிரண்டு வீடுகள் கொண்ட அந்தக் கட்டடத்தில் பழைய ஆட்களில் மிச்சம் இருப்பவர் அவர் ஒருவர்தான்.

"என்ன தம்பி, இன்னைக்கு யாரு வீடு?" என்றார்.

கேள்வியில் குத்தல் இல்லை. களைப்புதான் இருந்தது. கட்டடத்தை ஒரு கம்பெனி வாங்கிய பிறகு, ஒவ்வொரு வீடாகக் காலியாகக் காலியாகப் பூட்டை மாற்றியவர் பூட்டுக்காரர்தான். பதினொரு கதவுகள். தெரு முழுக்கக் கணக்கெடுத்தால் அதுபோல இரண்டு மடங்கு.

"யாரு வீடும் இல்லண்ணே. ரிப்பேர். மூணாவது மாடி."

டிரைவர் பார்வையைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"மூணாவது மாடியா? சரி, போ. ஆறு மணிக்குள்ள இறங்கிடு."

"ஏன்?"

"எனக்கென்ன தெரியும். நான் மாடி ஏறி ரெண்டு வருஷம் ஆச்சு. காது மட்டும் ஏறிப் போகுது."

படிகள் அதே படிகள். பக்கச் சுவர்களுக்குத்தான் வெள்ளை அடித்து, மஞ்சள் விளக்குகள் பொருத்தியிருந்தார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினார். மூன்றாம் மாடிக் கதவை அவருக்கு நன்றாகத் தெரியும். அந்தக் காலத்து மரக்கதவு. வீட்டை உள்ளே மொத்தமாக இடித்துக் கட்டியவர்கள் கதவை மட்டும் மெருகேற்றி அப்படியே விட்டிருந்தார்கள். பழசு என்பதற்கு இப்போது தனி மரியாதை. பழைய ஆட்களுக்குத்தான் அது கிடைக்கவில்லை.

திறந்தவள் ஒரு பள்ளி ஆசிரியை. முப்பது வயதுக்குள் இருக்கும். அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருக்க வேண்டும், தோளில் பை தொங்கியது.

"வாங்கய்யா. பூட்டுல கோளாறு இல்லைன்னு ஏற்கனவே ஒருத்தர் பார்த்துட்டுச் சொல்லிட்டார். ஆனா இதை மாட்டினது நீங்கதான்னு கம்பெனியில சொன்னாங்க. அதான் உங்களையே கூப்பிட்டேன்."

அவர் குனிந்து பார்த்தார். தன் கைவேலைதான். எட்டு மாதத்துக்கு முன்னால், ஒரு மத்தியானம் மாட்டியது. அந்த மத்தியானத்தை நினைக்காமல் இருக்க அவர் ஓரளவு பழகியிருந்தார்.

"என்ன பண்ணுது?"

"தினமும் சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு யாரோ வெளிய இருந்து சாவி போடறாங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "தப்பான சாவி. திருப்பிப் பார்க்கறாங்க, திரும்பல. வெளிய எடுத்து, துடைச்சுட்டு மறுபடி போடறாங்க. மூணு தடவை. கதவைத் திறந்தா யாரும் இல்ல."

"துடைக்கறாங்கன்னு எப்படித் தெரியும்?"

"துணியில தேய்க்கற சத்தம் கேட்குது."

பூட்டுக்காரர் நிமிர்ந்தார். வெட்டிக் கொடுத்த சாவியை வாங்கியதும் துணியில் அழுத்தித் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கைப்பையில் போடும் ஒரு ஆளை அவருக்குத் தெரியும்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா. என் வீட்டுக்காரர் எட்டு மணிக்குத்தான் வருவார். அவர் ஒரு நாளும் கேட்டதில்ல. உனக்கு வேலை ஜாஸ்தி, லீவு போடுன்னு சொல்றார்."

அவர் பூட்டைக் கழற்றிப் பார்த்தார், எண்ணெய் விட்டார், மறுபடி மாட்டினார். செய்ய வேறு ஒன்றும் இல்லை. அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு சிறிய அறைகளாக இருந்த இடம், நடுச்சுவரை எடுத்துவிட்டதால் ஒரே கூடமாகியிருந்தது. ஜன்னல் மட்டும் அதே ஜன்னல். அதன் கீழே ஒரு மெத்தை நாற்காலி.

ஐந்தே முக்கால் ஆக இரண்டு நிமிடம் இருக்கும்போது கீழே படியில் காலடி கேட்டது.

அவசரமில்லாத காலடி. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, மூச்சு வாங்கி, மறுபடி ஏறியது. கையில் கனமான பை இருக்கும்போது ஏறுவதுபோல ஒரு கால் அழுந்தியும் ஒரு கால் லேசாகவும் விழுந்தது.

மூன்றாம் மாடி.

பையைத் தரையில் வைக்கும் சத்தம்.

ஆசிரியை சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டாள். பூட்டுக்காரர் கதவில் இருந்த கண்ணாடித் துளையில் கண்ணை வைத்தார். வெளியே வெயில் சாய்வாக விழுந்த வெறும் தரை. எதிர்வீட்டுக் கதவு. ஒரு ஈ. வேறு யாரும் இல்லை.

அவர் கண்ணுக்கு ஒரு சாண் கீழே, பூட்டுக்குள் சாவி நுழைந்தது.

பற்கள் ஒவ்வொன்றாக உரசிக்கொண்டு போகும் சத்தம் எந்த நடுச்சாமத்திலும் அவர் அடையாளம் காணக்கூடிய சத்தம். விரலைப் பூட்டின் மேல் வைத்தார். உள்ளே உருளை மயிரிழை அளவுக்குத் திரும்ப முயன்றது. முடியாமல் நின்றது. மறுபடி முயன்றது. பலவந்தம் இல்லை, கோபம் இல்லை. நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வந்த கை, வீட்டுக்குள் போய் உட்கார்ந்தால் போதும் என்று இருக்கும் கை, எப்படித் திருப்புமோ அப்படித் திருப்பியது.

சாவி வெளியே வந்தது. துணியில் துடைக்கும் சத்தம்.

மறுபடி.

மூன்றாம் முறை முடிந்ததும் கதவைத் திறந்தார். யாரும் இல்லை. மெஷின் எண்ணெய் வாடையும், ஈரத்துணிமேல் சூடான இஸ்திரிப் பெட்டி ஓடும்போது எழும் வாடையும் சேர்ந்து அவர் முகத்தில் அடித்தன. அப்புறம் அதுவும் இல்லை.

"பார்த்தீங்களா?" என்றாள் அவள், உதடு மட்டும் அசைய.

"நாளைக்கு வரேன்மா," என்றார் அவர். சத்தமாகப் பேச அவருக்கும் வரவில்லை.

கீழே டிரைவர் நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, தையல்கார அக்கா இப்ப எங்க இருக்காங்க?"

டிரைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு நிஜமாவே தெரியாதா? போய்ச் சேர்ந்து ரெண்டு மாசம் ஆச்சு. ஆஸ்பத்திரியில. யாரோ தூரத்துச் சொந்தக்காரங்க வீட்டுப் பின்பக்கத்துல கிடந்துட்டு, கடைசியில அங்க."

பூட்டுக்காரர் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்றேன் கேளு. தைச்ச துணியெல்லாம் குடுக்கப் போயிட்டு சாயங்காலம் வந்துச்சு. மேல போச்சு. கதவு திறக்கல. இறங்கி வந்து என்கிட்ட என்ன சொல்லுச்சு தெரியுமா? 'அண்ணே, சாவி தேஞ்சு போச்சு போல. தம்பிகிட்ட சொல்லிப் புதுசு வெட்டணும்'னு சொல்லுச்சு. பூட்டை மாத்தியிருப்பாங்கன்னு அதுக்குத் தோணவே இல்ல. ரெண்டு ராத்திரி படியிலயே உட்கார்ந்திருந்துச்சு. மூணாம் நாள் கம்பெனி வாட்ச்மேன் வந்து கிளப்பிவிட்டான். சாமானெல்லாம் அதுக்கு முன்னாடியே லாரியில போயிடுச்சு. மெஷினும்தான்."

தெருவிளக்குகள் எரியத் தொடங்கின. புது விளக்குகள், பால்போல வெளிச்சம்.

"முப்பது வருஷமா இந்தத் தெருவுல சாக்கடை ஓடுச்சு. எழுதிப் போடாத மனு இல்ல. ஒருத்தன் எட்டிப் பார்க்கல. இப்ப பாரு, பூந்தொட்டி என்ன, விளக்கு என்ன. நல்லாத்தான் இருக்கு, நான் நல்லா இல்லைன்னு சொல்லல. இந்த வெளிச்சத்துல யாரு யாரு இல்லைன்னு நல்லாத் தெரியுது, அவ்வளவுதான்." நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டார் டிரைவர். "போ தம்பி. உன் முகமே சரியில்ல."

கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் பூட்டுக்காரரின் வீடு. மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"மூணாவது மாடி அக்கா செத்துட்டாங்களாம்."

கத்தி நின்றது.

"அன்னைக்கு அவங்க கடை வாசல்ல வந்து நின்னப்போ, நீங்க உள்ள இருந்துக்கிட்டே இல்லைன்னு சொல்லச் சொன்னீங்க," என்றாள் பிறகு. "நானும் சொன்னேன். 'பரவால்லம்மா, வந்ததும் சொல்லு, சாவி தேஞ்சு போச்சு'ன்னு சொல்லிட்டுப் போனாங்க."

"கேட்டுச்சு."

"உங்களுக்குக் கேட்டது எனக்கும்தான் கேட்டுச்சு. ரெண்டு பேரும் அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்கினோம். அதை நினைச்சாத்தான் எனக்கு இப்ப என்னமோ பண்ணுது."

மறுநாள் காலை கம்பெனி மேனேஜர் போன் செய்தான். வெள்ளிக்கிழமை கீழ்த்தளத்துக் கதவு. டிரைவருக்குக் கண் ஆபரேஷன், ரெண்டு நாள் வீட்டில் இருக்க மாட்டார். "காலின்னே வச்சுக்குங்க," என்றான். காலி என்ற அந்தச் சொல்லை அவன் எப்போதும் அப்படித்தான் சொல்வான், ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைப்பதுபோல. பூட்டுக்காரர் பதில் சொல்லாமல் போனை வைத்தார். கடை இருக்கும் கட்டடமும் கம்பெனி கையில்தான் இருந்தது. அதை மேனேஜர் வாய்விட்டுச் சொன்னதே இல்லை, சொல்லவேண்டிய அவசியமும் வந்ததில்லை.

அன்று சாயங்காலம் ஆசிரியை வீட்டில் அவர் ஒரு வேலை செய்தார். பூட்டின் உருளையைக் கழற்றி, அதன் மேல்மூடியை எடுத்தார். உள்ளே ஐந்து பித்தளைப் பின்கள் வரிசையாக நிற்கும். சரியான சாவி போனால் ஐந்தும் சரியான உயரத்துக்கு எழும், உருளை திரும்பும். ஸ்பிரிங்குகளை எடுத்துவிட்டுப் பின்களை மட்டும் அவற்றின் குழிகளில் விட்டார். பிறகு உருளையைக் கதவில் முழுவதும் தள்ளாமல், பாதி உடல் அறைப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்படி மரச்சீவல் வைத்து இறுக்கினார். மேஜை விளக்கை அதன்மேல் திருப்பினார்.

"எதுக்கு இது?" என்றாள் ஆசிரியை.

அவர் சொல்லவந்தது வேறொன்றாக வெளியே வந்தது.

"இந்த வீட்டுல இருந்தவங்க தையல்காரம்மா. காலி பண்ணிட்டாங்க, பூட்டை மாத்துன்னு சொன்னாங்க. வந்து திறந்தேன். இஸ்திரிப் பெட்டியைத் தொட்டா சுட்டுதும்மா. மெஷின் ஊசிக்குக் கீழ பாதி தைச்ச சட்டைக்கை இருந்துச்சு. யாரும் காலி பண்ணலைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் மாத்தினேன்."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். அவரைப் பார்க்கவில்லை.

"அதை யாரும் எங்ககிட்ட சொல்லல," என்றாள். "நாங்க இருந்த இடத்துலயும் வாடகையை ஏத்தி ஏத்தித்தான் அனுப்பினாங்க. நான் வேலை பார்க்கற பள்ளிக்கூடத்துக்கு நடந்து போற தூரத்துல எங்களுக்குக் கிடைச்சது இது ஒண்ணுதான். வாங்கினப்போ எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா?"

"உங்க மேல தப்பு இல்லம்மா."

"யாரு மேல இருந்தா என்ன. தினமும் கதவுக்கு உள்பக்கம் நிக்கறது நான்தானே."

காலடி படியேறியது. இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

முதல் திருப்பம்.

இரண்டாம் திருப்பம்.

பையை வைக்கும் சத்தம்.

விளக்கு வெளிச்சத்தில் முதல் பின் எழுந்தது.

யாரும் தொடவில்லை. வெளியே கண்ணுக்கு எதுவும் இல்லை. ஆனால் சாவியின் பற்கள் அடியில் நகர நகர, பின்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, தணிந்து, மறுபடி எழுந்தன. தூங்குகிறவரின் நெஞ்சு ஏறி இறங்குவதுபோல. பிறகு ஐந்தும் ஐந்து உயரத்தில் நின்றன.

ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவருடையது வேலை தெரிந்த கை. அளவுகோலை வைத்து ஒவ்வொன்றாக அளந்து, தீப்பெட்டியின் முதுகில் எழுதிக்கொண்டார். மூன்றாவது பின்னில் கை நின்றது. அது இருக்கவேண்டியதைவிட நூலளவு தாழ்ந்து நின்றது. பதினோரு வருடத்துக்கு முன்னால் அக்காவின் சாவியை வெட்டும்போது அந்த இடத்தில் அவர் அரம் வழுக்கியிருந்தது. வேறு வெட்டித் தருகிறேன் என்றதற்கு, "திறக்குதில்ல? விடு தம்பி," என்று சொல்லிவிட்டு அக்கா அதையே வாங்கிக்கொண்டு போனாள்.

மூன்று முறை எழுந்தன. மூன்று முறை விழுந்தன.

"இந்தச் சாவிக்குத் திறக்கற மாதிரி பூட்டைச் செய்ய முடியும்," என்றார் அவர், எல்லாம் அடங்கிய பிறகு. "செய்யட்டுமான்னு நீங்கதான் சொல்லணும். இது உங்க வீடு."

அவள் மேஜை விளக்கை அணைத்தாள்.

"உள்ள வந்தா என்ன ஆகும்?"

"தெரியாதும்மா."

"பயமாத்தான் இருக்கு. ஆனா ஒருத்தங்க தினம் வாசல்ல நின்னு திரும்பிப் போறதைக் கேட்டுக்கிட்டே இருக்கறது அதைவிட மோசமா இருக்கு. களைச்சுப் போயிட்டேன்." நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "செய்யுங்க."

அன்றிரவு அவர் புதிய பின்களை அரத்தில் ராவினார். மனைவி விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் பூட்டை மாட்டி முடித்து, இருவரும் சமையல் மேடையருகே போய் நின்றார்கள். ஆசிரியை கைகளைக் கட்டிக்கொண்டாள். பூட்டுக்காரர் கதவைப் பார்க்க மனம் வராமல் சுவரைப் பார்த்து நின்றார்.

காலடி. பை. சாவி.

பற்கள் உரசின. ஒரு கணம் சத்தம் நின்றது. வழக்கம்போலத் திரும்பாது என்று தெரிந்தே திருப்பும் கையின் தயக்கம்.

பூட்டு திறந்தது.

சின்னச் சத்தம்தான். அவர் ஆயுளில் பல்லாயிரம் தடவை கேட்ட சத்தம்.

கதவு உள்ளே வந்தது. யாரோ பையை எடுத்துக்கொண்டார்கள். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் தானாக நகர்ந்து விழுந்தது.

காலடி கூடத்துக்குள் நடந்தது. நேராக ஜன்னலுக்குப் போகவில்லை. முன்பு நடுச்சுவர் இருந்த இடத்தில் நின்றது. அங்கே இப்போது வெறும் தரைதான். ஆனாலும் காலடி அந்த இல்லாத சுவரை ஒட்டியே பக்கவாட்டில் நடந்து, இல்லாத வாசல் வழியாகத் திரும்பி, அடுத்த அறைக்குள் போனது. அடுத்த அறையும் இல்லை.

மெத்தை நாற்காலி முனகியது.

கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும். பிறகு தரையிலிருந்து தடதடவென்று ஓட்டம் எழுந்தது. காலால் மிதிக்கும் தையல் மெஷின். ஓடியது, நின்றது, நூல் அறுபடும் சத்தம், மறுபடி ஓடியது. மெஷினே இல்லாத அந்த இடத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

ஆசிரியை சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். பயத்தில் அழுதாளா, வேறெதற்காகவா, அவளுக்கே தெரிந்திருக்காது.

ஓட்டம் நின்றது.

நாற்காலி பின்னால் நகர்ந்தது.

காலடி அவர்களை நோக்கி வந்தது.

பூட்டுக்காரர் திரும்பவில்லை. திரும்பினால் யாரும் இருக்க மாட்டார்கள் என்று தெரியும். அதைத் தாங்க முடியாது என்றும் தெரியும். இஸ்திரி வாடை அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

"அக்கா," என்றார், காற்றாக. "சாவி தேயலக்கா. பூட்டைத்தான் நான் மாத்திட்டேன். வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டே இல்லைன்னு சொல்லச் சொன்னதும் நான்தான்."

இஸ்திரி வாடை நகரவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று தெரியாது. பிறகு காலடி நிதானமாக ஜன்னல் பக்கம் போனது. மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. இருட்டும்வரை ஓடியது.

"ஐயா, நீங்க ஏன் ரெண்டு கையையும் விரிச்சுத் தூக்கினீங்க?" என்று கேட்டாள் ஆசிரியை, அவர் கிளம்பும்போது.

"நானா? தூக்கலையேம்மா."

அவள் கதவைத் திறந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சட்டையை வாங்கிக் கூடையில் போடப் போனவள் அப்படியே நின்றாள். சட்டையின் முதுகை விளக்குக்கு நேராக விரித்தாள்.

"யாருகிட்ட அளவு குடுத்துட்டு வந்தீங்க?"

ஒரு தோளின் முனையிலிருந்து மறு தோளின் முனைவரை நீலச் சாக்கட்டியால் ஒரு நேர்கோடு. இரு முனையிலும் சின்னக் குறுக்குக் கோடு. பழகிய கை போட்ட கோடு. நடுவில் எங்கும் தடுமாறவில்லை.

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு சட்டையைத் தண்ணீரில் முக்கினாள். கோடு கரைந்து போனது.

வெள்ளிக்கிழமை காலை மேனேஜருக்குப் போன் செய்து, அந்தக் கதவின் பூட்டை என்னால் மாற்ற முடியாது என்றார் பூட்டுக்காரர். மேனேஜர் கோபப்படவில்லை. அதுதான் அவருக்கு என்னவோ போலிருந்தது. "சரிங்க," என்று வைத்துவிட்டான். டிரைவரிடம் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னார். டிரைவர் ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டார். மத்தியானம் வேறு யாரோ ஒரு பூட்டுக்காரன் பையோடு வந்தான். வாசலில் ஆள் இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

"இன்னைக்குப் போனான். நாளைக்கு வருவான்," என்றார் டிரைவர். "எத்தனை நாள் நான் கண்ணு தெரியாம வாசலைக் காத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கறது, சொல்லு."

"நானும் கூட உட்காரறேண்ணே. கடை இந்த மாசத்தோட இல்ல. மத்தியானமே ஆள் மூலமா லெட்டர் வந்துடுச்சு."

"அப்போ சரி. வேலையில்லாதவனுக்கு வாசல்தானே வேலை." டிரைவர் இன்னொரு நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டார். சாயங்காலம்வரை இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தே முக்காலுக்கு யாரோ அவர்களைத் தாண்டிப் படியேறினார்கள். இருவரும் தலை நிமிரவில்லை. டிரைவர் மட்டும் வழிவிடுவதுபோலக் காலை மடக்கிக்கொண்டார்.

ஆசிரியை வீட்டைக் காலி செய்யவில்லை. கூடத்தின் இந்தப் பக்கம் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்துகிறாளாம், அந்தப் பக்கம் மெஷின் ஓடுகிறதாம். அவள் கணவனுக்கு இன்னும் எதுவும் கேட்பதில்லை. ஆனால் அவன் ஜன்னலோர நாற்காலியில் உட்காருவதை நிறுத்திவிட்டான். ஏன் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியவில்லை.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை பூட்டுக்காரர் அலமாரியைத் திறந்தார். துவைத்து, மடித்து, ஒரு வாரமாக யாரும் தொடாமல் இருந்த வெள்ளைச் சட்டையை எடுத்து உதறினார்.

தோள் குறிக்கப்பட்டிருந்தது. கை குறிக்கப்பட்டிருந்தது. மார்புச் சுற்றளவு, கழுத்து, எல்லாம் நீலச் சாக்கட்டியில், சின்னச் சின்னக் குறுக்குக் கோடுகளோடு.

மனைவி பின்னால் வந்து நின்றாள். இருவரும் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தட்டினால் உதிர்ந்துவிடும், தண்ணீர் பட்டால் போய்விடும். அவருக்குப் போய்த் தண்ணீர் எடுக்கத் தோன்றவில்லை. அந்தச் சட்டையையே போட்டுக்கொண்டு, பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டினார். டிரைவர் காத்திருப்பார்.

நீளத்தை மட்டும் அக்கா இன்னும் குறிக்கவில்லை.